சோறு மலிவு, தட்டு விலை: மலாய்ச் சோற்று வகைகளின் கணக்கு

மலேசியாவில் இரண்டு ரிங்கிட்டுக்கும் நாசி லெமாக் உண்டு, பதினைந்து ரிங்கிட்டுக்கும் உண்டு. இரண்டிலும் தேங்காய்ப்பாலில் வெந்த சோறுதான். சம்பல், நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித்துண்டு, முட்டை ஆகியவையும் இரண்டிலும் இருக்கும். பெயர் ஒன்றாக இருக்க விலை மட்டும் ஏழு மடங்கு ஏறுவது ஏன் என்று கேட்டால், "இடத்துக்குத் தகுந்த விலை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வாடகையும் குளிர்சாதனமும் விலையை ஏற்றுவது உண்மைதான். ஆனால் ஒரே கடையில், ஒரே மேசையில், அருகருகே உட்கார்ந்து சாப்பிடும் இருவரின் பில் மும்மடங்கு வேறுபடுவதற்கு அந்தப் பதில் போதாது.

மலாய்ச் சோற்று வகைகளில் பெயர் சோற்றுக்கு, பில் தொடுகறிக்கு. 'லாவுக்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்தத் தொடுகறிதான் தட்டின் விலையைத் தீர்மானிக்கிறது. சோற்றின் பங்கு சில்லறைக் காசு. இந்த எளிய உண்மையை விட்டுவிட்டு அரிசி விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், சாப்பாட்டுச் செலவு ஏன் ஏறுகிறது என்பதும் புரியாது, மலிவான பொட்டலம் எதை விட்டுக்கொடுத்து மலிவாக நிற்கிறது என்பதும் புரியாது. இங்கே தரும் கடை விலைகள் 2025 வாக்கில் நிலவியவற்றை ஒட்டிய தோராய வரம்புகள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அவை கூடும், குறையும்.

எங்கே என்ன சோறு

முதலிடம் நாசி லெமாக்குக்கே. ஆங்கிலேய அதிகாரியும் மலாய் அறிஞருமான ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1909இல் வெளியிட்ட மலாய் வாழ்க்கை பற்றிய நூலிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் (ரம்பை என்றும் சொல்வோம்) சேர்த்து வேகவைத்த சோறு. காய்ந்த மிளகாய், வெங்காயம், பெலாச்சான் என்ற இறால் விழுது ஆகியவற்றை எண்ணெய் பிரியும்வரை வதக்கிய சம்பல். வாழையிலையில் வைத்து, வெளியே தாளைச் சுற்றிக் கூம்பாக மடித்த 'புங்குஸ்' பொட்டலம் ஒன்றரை ரிங்கிட்டிலிருந்து மூன்று ரிங்கிட் வரை. முழு முட்டையைப் பொரித்து வைத்தால் நான்கு ரிங்கிட்டை நெருங்கும். மசாலா தடவிப் பொரித்த கோழித்துண்டு ஏறிவிட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு. கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வரிசையில் நின்று சாப்பிடும் கடைகளில் அதற்கும் மேல். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை மையமாகக் கொண்ட மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கிழக்குக் கரைக்குப் போனால் சோறே மாறிவிடும். திரெங்கானுவிலும் கிளந்தானிலும் நாசி டாகாங்தான் காலையுணவு. ஒட்டும் தன்மையுள்ள அரிசியைக் கலந்து ஊறவைத்து, வெந்தயமும் சின்ன வெங்காயமும் சேர்த்து, தேங்காய்ப்பால் தெளித்துத் தெளித்து ஆவியில் இரண்டு முறை வேகவைப்பார்கள். கூடவே சூரை மீன் குழம்பு. திரெங்கானுவில் இது இல்லாமல் நோன்புப் பெருநாள் விடியாது. சொந்த ஊரில் ஐந்து முதல் எட்டு ரிங்கிட். தலைநகருக்கு வந்ததும் பத்தைத் தாண்டிவிடும்.

நாசி கெராபு கிளந்தானின் அடையாளம். சங்குப்பூச் சாற்றில் நீலமாக வெந்த சோறு. அதன்மேல் மெல்லிசாக நறுக்கிய பச்சிலைகள், பொடியாக வெட்டிய பயற்றங்காய், வறுத்து இடித்த தேங்காய்த்துருவல், உப்பு முட்டை, தேங்காயும் மீனும் அடைத்த பச்சைமிளகாய், நெத்திலியை உப்பில் நொதிக்கவிட்டு எடுத்த புடு. மீனோடு என்றால் ஆறேழு ரிங்கிட்டில் முடியும். சுட்ட மாட்டிறைச்சியோ தேங்காய்ப்பால் மசாலா பூசிச் சுட்ட 'ஆயாம் பெர்ச்சிக்' கோழியோ வைத்தால் பன்னிரண்டுக்குப் போய்விடும். நீலச் சோறும் இலைகளும் மாறவில்லை. ஓரத்தில் வைத்த இறைச்சி மட்டும்தான் மாறியது.

வடக்கே கெடாவில் நீர்நொச்சி இலைச்சாற்றில் கருமை படர்ந்த நாசி லெமுனி உண்டு. பினாங்கின் நாசி கண்டார் மலாய்க்காரர் உருவாக்கியது அல்ல. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி கட்டி, ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியுமாகத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு. ஜார்ஜ்டவுன் ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. இன்று அது எல்லா இனத்தவருக்கும் பொதுச் சோறாகிவிட்டதால் இந்தக் கணக்கில் அதை விட முடியாது. கோழியும் வெண்டைக்காயும் வைத்து, நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றி வாங்கினால் பத்துப் பன்னிரண்டு ரிங்கிட். பெரிய இறாலோ கணவாயோ மீன்சினையோ எடுத்தால் இருபதும் கடக்கும்.

தெற்கே ஜொகூரிலும் சிலாங்கூரின் கரையோரக் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) ஜாவாவிலிருந்து வந்தவர்களின் நாசி அம்பெங்: பெரிய தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி, கோழி, வறுத்த நூடுல்ஸ், தேங்காய்த்துருவல் பொரியல், டெம்பே என்ற நொதித்த சோயாக் கட்டி, உப்புக் கருவாடு ஆகியவற்றைச் சுற்றிலும் வைத்து நான்கைந்து பேர் ஒன்றாகச் சாப்பிடுவது. தாம்பாளம் ஐம்பது ரிங்கிட் வாக்கில் இருந்தாலும் தலைக்குக் கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டுதான். கல்யாணத்துக்கு நெய்ச்சோறு, அதாவது நாசி மிஞ்ஞாக். விருந்தாளிக்கு அது இலவசம் போலத் தோன்றினாலும், கை குலுக்கும்போது உள்ளங்கையில் மடித்துவைத்த பணம் கைமாறும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

இவை பெயர் பெற்றவை. அன்றாட மதியச் சோறு வேறு. அலுவலகப் பகுதிகளில் பன்னிரண்டரை மணிக்கு வரிசை நிற்பது நாசி சம்புர் கடையில்தான்: வெறும் வெள்ளைச் சோறு, எதிரே இருபது முப்பது தட்டுக் கறி, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இரவில் வாணலி நெருப்பில் பொரிந்து வரும் நாசி கோரெங் ஆறிலிருந்து ஒன்பது ரிங்கிட். கைக்காசு தீர்ந்த மாதக் கடைசியில் மாணவர்களைக் காப்பாற்றுவது நாசி புஜாங்: சோறு, ஒரு பொரித்த முட்டை, மேலே கொஞ்சம் குழம்பு. மூன்று நான்கு ரிங்கிட்டில் வயிறு நிறையும்.

ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்

சிறிய புங்குஸ் பொட்டலத்தில் ஏறக்குறைய 70 கிராம் அரிசி போகும். உள்ளூர் வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோவுக்கு 2.60 ரிங்கிட். அந்தக் கணக்கில் பொட்டலத்திலுள்ள அரிசியின் மதிப்பு 18 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்). கிலோ 3.80 ரிங்கிட்டுக்கு இறக்குமதி அரிசி வாங்கிச் சமைத்தாலும் 27 சென்தான்.

அதே பொட்டலத்தில் ஒரு பிடி நெத்திலி. நல்ல நெத்திலி கிலோ 40 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் பத்து கிராமுக்கு 40 சென் ஆகிறது. விரலிடுக்கில் அள்ளும் அந்தக் கருவாட்டுத்துணுக்கு, பொட்டலம் முழுவதிலுமுள்ள அரிசியைவிட விலை கூடியது. அதனால்தான் மலிவான பொட்டலத்தில் நெத்திலியை எண்ணிவிடலாம். முட்டையோ கால் பாகமாகவோ, நூல்போட்டு அறுத்த மெல்லிய வட்டமாகவோ வரும். ஒரு முட்டை 40 சென்னுக்குச் சற்று மேலே என்றால் கால் முட்டை பத்துச் சென். இரண்டு ரிங்கிட்டில் நிற்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

மிச்சம் தேங்காய்ப்பால், சம்பலுக்கான மிளகாய், வெங்காயம், எண்ணெய், சர்க்கரை, புளி, வாழையிலை, தாள், எரிவாயு. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. பொட்டலம் கட்டுபவரே எப்போதும் விற்பவரல்லர். வீட்டில் கட்டிக் காப்பிக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கொடுத்துவைத்து, மதியம் போய் விற்றதற்குக் காசும் விற்காததற்குப் பொட்டலமும் திரும்ப வாங்கிவருவது பரவலான ஏற்பாடு. கடைக்காரரின் பங்கு போக மீதியில்தான் இத்தனை பொருளும் அடங்க வேண்டும். விடியுமுன் எழுந்து தேங்காய்ப்பால் பிழிபவருக்கும் பொட்டலம் மடிக்கும் மகளுக்கும் கூலி இந்தக் கணக்கில் எங்கும் வராது. வந்தால் இரண்டு ரிங்கிட் பொட்டலம் நிற்காது.

தட்டுச் சோற்றிலும் இதே கதைதான். நூறு கிராம் அரிசி 26 முதல் 38 சென். பத்து ரிங்கிட் கொடுத்துச் சாப்பிடுபவர் சோற்றுக்காகக் கொடுப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை.

அரசின் கை

மலேசியா தனக்கு வேண்டிய அரிசி முழுவதையும் விளைவிப்பதில்லை. கெடாவிலும் பெர்லிஸிலும் விரியும் மூடா பாசனச் சமவெளியே பெரிய நெற்களஞ்சியம். பற்றாக்குறையை இறக்குமதி நிரப்புகிறது. அந்த இறக்குமதியின் தனியுரிமை 1996 முதல் பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது; ஒப்பந்தம் 2031 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் 1 முதல் பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆக உயர்த்தியது. உயர்வு 36 விழுக்காடு. உள்ளூர் அரிசி கட்டுப்பாட்டு விலையிலேயே நிற்க, இறக்குமதி அரிசியின் விலை எங்கோ போய்விட்டதால் எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள். கடை அலமாரிகளில் அது காணாமல் போனது. சாப்பாட்டுக் கடைகள் விலையை ஏற்றின. காரணம் கேட்டால் அரிசி என்றார்கள்.

கணக்கோ வேறு சொல்கிறது. டன்னுக்கு 850 ரிங்கிட் என்றால் கிலோவுக்கு 85 சென், தட்டுக்கு எட்டரை சென். கடைக்காரர் எட்டரை சென் ஏற்ற மாட்டார். ஏற்றினால் ஐம்பது சென், இல்லையேல் ஒரு ரிங்கிட். வெங்காயம், மிளகாய், எண்ணெய், கூலி என்று மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்த சின்னச் சின்ன ஏற்றங்களுக்கெல்லாம் அரிசி ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. அதில் பொய் இல்லை. ஆனால் அரிசி மட்டும் காரணமும் இல்லை. 2024 செப்டம்பரில் இந்தியா தடையை நீக்கியபோது தட்டு விலை இறங்காததற்கும் விடை இதுவே.

சம்பலும் கடல் கடந்த சரக்கையே நம்பியிருக்கிறது. மலாய் அடுக்களைக்கு வரும் காய்ந்த மிளகாயிலும் பெரிய வெங்காயத்திலும் கணிசமானது இந்தியாவிலிருந்து வருகிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி, 2024 மே மாதம் வரை நிறுத்தி வைத்திருந்தபோது, மராட்டிய மாநிலத்து வயல்களின் நிலவரம் கம்பத்து நாசி லெமாக் கடைவரை எட்டியது.

தொடுகறிப் பக்கம் பார்த்தால் அரசு மெல்ல மெல்லக் கையை எடுத்துக்கொண்டிருக்கிறது. 2022 ஜூன் 1 அன்று கோழி ஏற்றுமதியையே நிறுத்தும் அளவுக்குத் தட்டுப்பாடு இருந்தது. கோழிக்கான உச்ச விலை கிலோ 9.40 ரிங்கிட்டில் நின்றிருந்த காலமும் உண்டு. 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கு மானியமும் விலைக் கட்டுப்பாடும் முடிந்தன. முட்டைக்கான பத்துச் சென் மானியம் 2025 மே மாதம் ஐந்து சென்னாகக் குறைந்து, ஆகஸ்ட் 1 அன்று நின்றுபோனது. அரிசிக்கு உச்ச விலை தொடர்கிறது. ஒரு கிலோ பை சமையல் எண்ணெய் 2.50 ரிங்கிட்டுக்கும், 14 கிலோ எரிவாயு உருளை 26.60 ரிங்கிட்டுக்கும் இன்னும் மானியத்தில் கிடைக்கின்றன. வணிகத்துக்கான உருளை இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பதால், வீட்டு உருளையைக் கடையில் வைக்கலாமா என்பது 2025இல் பெரிய சர்ச்சையாகி, சிறு கடைக்காரர்களுக்கு விலக்குக் கொடுப்பதில் போய் முடிந்தது.

தட்டில் மலிவாக உள்ள சோற்றுக்கும் எண்ணெய்க்கும் கட்டுப்பாடு நிற்கிறது. தட்டின் விலையைத் தூக்கும் கோழிக்கும் முட்டைக்கும் சந்தையே கதி. கருவூலத்தின் கோணத்தில் இதற்கு நியாயம் இருக்கலாம். ஏனெனில் மானிய முட்டையைப் பணக்காரரும் வாங்கினார், ஐந்து நட்சத்திர ஓட்டலும் வாங்கியது. சாப்பிடுபவரின் கோணத்தில் விளைவு ஒன்றுதான்: வயிறு நிறைவதற்கும் சத்தாகச் சாப்பிடுவதற்கும் உள்ள விலை இடைவெளி அகலும்.

கண்ணளவு விலை

நாசி சம்புர் கடையின் கல்லாவில் நடப்பது தனிக்கலை. நீங்கள் தட்டோடு போய் நிற்பீர்கள். அக்கா தட்டை ஒரு பார்வை பார்ப்பார். "ஒன்பது ஐம்பது, தம்பி" என்பார். கோழித்துண்டின் அளவு, காய்கறி எத்தனை வகை, குழம்பை மட்டும் ஊற்றினீர்களா அல்லது மீனையும் எடுத்தீர்களா, தினமும் வருபவரா, எல்லாம் அந்த ஒரு பார்வையில் கணக்காகிவிடும். அதே தட்டை மறுநாள் கொண்டுபோனால் ஒன்பதும் ஆகலாம், பத்தும் ஆகலாம்.

விலைப்பட்டியல் வைக்க வேண்டும் என்பது சட்டம். அதிக லாபம் பார்ப்பதைத் தடுக்க 2011இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. ஆனால் எடுத்துப்போட்டுக்கொள்ளும் சோற்றில் ஒவ்வொரு கரண்டிக்கும் விலை எழுதுவது எளிதன்று. எழுதினாலும் தலைப்பு 'கோழி' என்றிருக்கும்; எந்தத் துண்டு என்றிருக்காது. பட்டியல் இருந்தும் அதிர்ந்துபோகலாம் என்பதற்குச் சான்று 2021 நவம்பரில் லங்காவியில் நடந்தது. ஓர் உணவகத்தில் ஒரு சியாக்காப் மீனுக்கு 1,196.80 ரிங்கிட் பில் வந்தது. மீனின் எடை 7.48 கிலோ, விலை நூறு கிராமுக்கு 16 ரிங்கிட். பெருக்கிப் பார்த்தால் பில்லில் பிழையில்லை. நூறு கிராமுக்கு என்று எழுதப்பட்ட விலை, முழு மீனாகத் தட்டில் வரும்போது என்ன ஆகும் என்பதே சிக்கல். நாடே அதைப் பற்றிப் பேசியது.

அது விதிவிலக்கு. அன்றாடம் நடப்பது ஒன்றிரண்டு ரிங்கிட் வித்தியாசம். அதை வேண்டாமென்று நினைப்பவர்கள் கையாளும் வழிகளும் உண்டு. முதலில் கடைக்காரரிடம் தட்டைக் காட்டி விலை கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். மீனையும் இறாலையும் தொடாமல் கோழியோடு நிறுத்துவார்கள். குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு முட்டையை எடுப்பார்கள். நாசி கண்டார் கடையில் கணவாயை விரலால் காட்டுமுன் விலை கேட்பது எல்லாருக்கும் தெரிந்த எச்சரிக்கை.

ஐந்து ரிங்கிட் தட்டு

2023 ஜனவரி இறுதியில், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சராயிருந்த சலாஹுதீன் அயூப் மெனு ரஹ்மா என்ற திட்டத்தைத் தொடங்கினார். சோறு, கோழி அல்லது மீன், காய்கறி அடங்கிய ஒரு தட்டு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது திட்டம். சேர்வது கட்டாயமில்லை, கடைக்காரர்கள் தாமாக முன்வர வேண்டும். அவர் அதே ஆண்டு ஜூலையில் காலமானார். ரஹ்மா என்ற பெயர் பிறகு மலிவு விற்பனைகளுக்கும் ஒட்டிக்கொண்டது.

திட்டத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தொடுகறியையும் சேர்த்து விலை பேசியது அது. சோறு மட்டும் மலிவாக இருந்தால் போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் அந்த ஐந்து ரிங்கிட்டுக்குள் நிற்க, மற்றத் தட்டுகளில் வரும் லாபத்தைக் கொண்டு இதை ஈடுகட்ட வேண்டும். பெரிய கடைக்கு அது விளம்பரம். சிறிய கடைக்குச் சுமை. அதனால் பல கடைகளில் ரஹ்மாத் தட்டு குறிப்பிட்ட நேரத்துக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் கிடைத்தது.

கூலியின் அளவுகோல்

விலை கூடுதலா குறைவா என்பதைச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022 மே முதல் 1,500 ரிங்கிட், 2025இல் 1,700. மணிக்கணக்கில் 8.72 ரிங்கிட். குறைந்தபட்சக் கூலி வாங்கும் ஒருவர் இரண்டு ரிங்கிட் பொட்டலத்துக்குக் கால் மணி நேரம் உழைத்தால் போதும். ஐந்து ரிங்கிட் ரஹ்மாத் தட்டுக்கு 34 நிமிடம். கோழியும் காய்கறியும் பாலில்லாத குளிர்தேநீரான ஒரு தே ஓ ஐஸும் சேர்த்துப் பத்து ரிங்கிட் ஆகும் மதியச் சோற்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். கடை அடுப்பில் நின்று அந்தத் தட்டைச் சமைப்பவரும் பெரும்பாலும் இதே கூலிக்காரர்தான். அவர் சம்பளம் ஏறினால் தட்டின் விலை ஏறும், ஏறாவிட்டால் அவரால் அதே தட்டை வாங்க முடியாது.

சுகாதார அமைச்சு பிரசாரம் செய்யும் 'சுகு சுகு செபாரோ' தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், இறைச்சி அல்லது முட்டை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். இரண்டு ரிங்கிட் பொட்டலத்தைப் பிரித்தால் சோறு ஏறக்குறைய முழுதும் ஆக்கிரமித்திருக்கும். ஓரத்தில் முட்டைச்சில்லும் வெள்ளரித்துண்டும். அமைச்சு காட்டும் தட்டை நாசி சம்புர் கடையில் அப்படியே அடுக்கினால் பத்து ரிங்கிட்டைத் தாண்டும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள எட்டு ரிங்கிட்தான் மலாய்ச் சோற்று விலைகளின் உண்மையான செய்தி.

ஆகவே வாழ்க்கைச் செலவைப் பற்றிப் பேசும்போது பத்துக் கிலோ அரிசி மூட்டையின் விலையைக் காட்டுவது பாதிக் கணக்கு. பொட்டலம் இன்னும் இரண்டு ரிங்கிட்டில் கிடைக்கிறதே என்று காட்டுவதும் பாதிக் கணக்குதான். விலைச்சீட்டு மாறாமலே உள்ளே முட்டை பாதியிலிருந்து கால் பாகமாகி, நெத்திலி பத்திலிருந்து ஐந்தாகிவிட முடியும். எந்தக் கட்டுப்பாட்டு விலையும் அதைப் பிடிக்காது. ஒரு முழு முட்டை அல்லது ஒரு கோழித்துண்டு, ஒரு காய்கறி, ஒரு பிடி சோறு அடங்கிய தட்டு இன்று எவ்வளவு, போன ஆண்டு எவ்வளவு, அதற்கு எத்தனை நிமிடக் கூலி என்று கேட்பதுதான் முழுக் கணக்கு. அரசு விலை பார்க்கவும் மானியம் கொடுக்கவும் வேண்டிய இடமும் அதுவே.